எலிசபெத் ஃப்ரேசர் என்ன பாடுகிறார்?

காக்டோ ட்வின்ஸ் குழுவின் ஏதேனும் ஒரு பாட்டின் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள். பாட்டைக் கேட்பதற்கு முன்பே அதன் வரிகள் திரையில் வந்து நிற்கும். ஒரு தளத்தில் ஒரு விதமாகவும் இன்னொரு தளத்தில் வேறு விதமாகவும் அவை இருக்கும். இரண்டிலும் ஐயக்குறி என்பதே இராது. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பாடியவர் எழுதித் தரவில்லை. 1982 முதல் 1990 வரை ஃபோர் ஏடி நிறுவனம் வெளியிட்ட இக்குழுவின் இசைத்தட்டு உறைகளில் பாடல்வரிகள் அச்சிடப்படவில்லை. கேட்டவர்கள் தங்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். அதைப் பிறர் படியெடுத்தார்கள். படியெடுத்தது இன்று மூலமாகிவிட்டது. ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர்கள் ஐயம் வந்த இடத்தில் பாடபேதம் என்று அடிக்குறிப்பு இடுவார்கள். இங்கே அந்தக் குறைந்தபட்ச நாணயமும் இல்லை.

இக்குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால், மொழியியல் படித்த நண்பர்களிடமிருந்தும் இரண்டே கருத்துகள் வருகின்றன. எலிசபெத் ஃப்ரேசர் பாடுவதில் சொற்களே இல்லை, எல்லாம் வெறும் ஒலி என்பது ஒன்று. சொற்கள் இருக்கின்றன, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் அத்தனையையும் கண்டுபிடித்துவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரு பாட்டை மட்டும், பெரும்பாலும் 1990ஆம் ஆண்டின் பாட்டை மட்டும், கேட்டுவிட்டுச் சொல்லப்படுபவை. இவற்றை மறுக்கும் சான்று அந்த ஒரு பாட்டில் இல்லை. 1982இலிருந்து 1996 வரை அவர்கள் வெளியிட்டவற்றை வரிசையாகக் கேட்பவருக்கே அது கிடைக்கும். எட்டு முழு ஆல்பங்கள், ஹாரல்ட் பட் என்னும் பியானோ இசைஞருடன் சேர்ந்து செய்த ஒன்று, இடையிடையே ஈ.பி. என்னும் குறுந்தட்டுகள். ஒரு பெண் தன் சொற்களை மெல்ல மெல்ல மறைத்துக்கொண்டு, பின்னர் மெல்ல மெல்ல வெளியே எடுத்துவைத்த வரலாறு அந்த வரிசையில் இருக்கிறது.

செயலிகள் இந்த வரிசையைக் கேட்கவிடுவதில்லை. குழுவின் பக்கத்தைத் திறந்தால் அதிகம் கேட்கப்பட்ட பாடல்கள் முதலில் நிற்கின்றன. அதைத் தாண்டினால் ‘உறக்கத்துக்கு’, ‘மழை நாளுக்கு’ என்று யாரோ தொகுத்த பட்டியல்கள். சோகம் தோய்ந்த, மங்கலான, கனவு போன்ற இசை என்று ஓர் ஒட்டுச்சீட்டு. அந்தச் சீட்டை நம்பி அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் படுக்கையில் போட்டுக் கேட்பவர் உறங்கமாட்டார்.

ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் கிரேஞ்ச்மவுத் என்றோர் ஊர். 2025 வரை இயங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் அதன் அடையாளம். அங்கே 1979இல் ராபின் கத்ரி என்னும் கித்தார் இளைஞரும் வில் ஹெகி என்னும் பேஸ் கித்தார் இளைஞரும் குழுவைத் தொடங்கினர். பின்னர் ஃப்ரேசர் வந்து சேர்ந்தார். தட்டுகளில் தாளத்துக்கு ஆள் கிடையாது, டிரம் மெஷின்தான். 1982 ஜூலையில் ‘கார்லண்ட்ஸ்’ வெளிவந்தபோது ஃப்ரேசருக்கு வயது 18. இறுக்கமான, இருண்ட இசை, எந்திரத் தாளம், சுவரில் நகத்தால் கீறுவதுபோன்ற கித்தார். பெரிய ஆல்பம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் வழக்குக்கு அது முதல் சாட்சி. அதில் சொற்கள் கேட்கின்றன. ஆங்கிலம் அறிந்த எவரும் பாதிக்கு மேல் எழுதிவிடலாம். எனவே இவர் சொல் இல்லாமல் தொடங்கியவர் அல்லர். பின்னாளில் வந்த மயக்கம் இயலாமையால் வந்ததும் அன்று.

இரண்டாம் சாட்சி 1983இல் வருகிறது. ஹெகி விலகிப்போக, கத்ரியும் ஃப்ரேசரும் மட்டும் ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். கித்தார் விரிந்து கடல்போல் ஆகிறது. குரல் அதனுள் கரையத் தொடங்குகிறது. அதே ஆண்டில் ஃபோர் ஏடி நிறுவனர் ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸல், ‘திஸ் மார்ட்டல் காயில்’ என்ற பெயரில் பல குழுவினரைக் கூட்டிச் செய்த முயற்சிக்காக, டிம் பக்லியின் ‘சாங் டு த சைரன்’ பாட்டை இவ்விருவரும் பதிவுசெய்தனர். அதைக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவு. பிறருடைய சொற்களை அப்படித் தெளிவாகப் பாடிய அதே குரல், தன் சொற்களைப் பாடும்போது மட்டும் மூடிக்கொள்கிறது. ஒரே ஆண்டு, ஒரே குரல், ஒரே கித்தார். இதைவிடத் தூய்மையான ஒப்பீட்டை ஆய்வகத்தில்கூட அமைக்க முடியாது.

பிறகு சைமன் ரேமண்ட் பேஸ் கித்தாருக்கு வந்தார், 1984இல் ‘ட்ரெஷர்’. அதைப் போற்றாத ரசிகர் அரிது. குழுவினரோ அது அவசரத்தில் முடிக்கப்பட்டது என்று பிற்காலத்தில் குறைபட்டுக்கொண்டனர். கத்ரிக்கு அதன்மீது வெறுப்பே உண்டு. இந்த விஷயத்தில் நான் ரசிகர்கள் பக்கம். பத்துப் பாடல்கள், பத்தும் பெயர்கள்: ஐவோ, லோரலை, பியாட்ரிக்ஸ், பெர்ஸிஃபனி, பண்டோரா, அமீலியா, அலோய்ஷியஸ், சிஸிலி, ஆட்டர்லி, டோனிமோ. முதற்பெயர் அவர்களுடைய இசை நிறுவனருடையது. சில கிரேக்கத் தொன்மத்திலிருந்து வந்தவை. கடைசி இரண்டும் எந்த வீட்டிலும் எந்தக் குழந்தைக்கும் இட்டதாகத் தெரியாத பெயர்கள். நன்னூல் படித்தவர்களுக்கு இடுகுறிப்பெயர் என்ற சொல் நினைவிருக்கும். காரணம் நோக்காமல், வழங்குவதாலேயே பொருள்படும் பெயர். பெயர்ச்சொல்லை அழைக்கலாம், அதற்கு உரை எழுத முடியாது. ஓர் ஆல்பம் முழுவதற்கும் அத்தகைய சொற்களையே தலைப்பாக்கியவர், கேட்பவரிடம் ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறார்.

இதற்கும் அடுத்த ஆல்பத்துக்கும் நடுவில் வந்த குறுந்தட்டுகளை விட்டுவிட்டால் கதை அறுந்துபோகும். ‘அய்க்கியா கினி’, ‘டைனி டைனமைன்’, ‘எக்கோஸ் இன் எ ஷாலோ பே’, மூன்றும் 1985. நான்கு நான்கு பாடல்கள். குழு எதையும் நிரூபிக்க வேண்டியிராத இடம் அது. ஃப்ரேசர் சொல்லிலிருந்து மிக விலகிச் சென்றது இங்கேதான். அவரே பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்: தனக்குத் தெரியாத மொழிகளின் நூல்களிலும் அகராதிகளிலும் சொற்களைத் திரட்டுவாராம், பாடும்வரை அவற்றுக்குப் பொருள் இல்லையாம். சொற்கள் இருந்தன. அவற்றை அவர் ஒலிக்காகத் தேர்ந்தார்.

இங்கே கொஞ்சம் ஒலியியல் பேச வேண்டும். பொறுத்துக்கொள்க, தொழில் அப்படி.

பாட்டில் சொல் கேட்காமல் போவதற்குப் பாடகரின் விருப்பம் மட்டும் காரணம் ஆகாது. உயிரொலிகளை நாம் பிரித்தறிவது வாயறையும் தொண்டையறையும் சில அதிர்வெண்களை மிகுவித்துக் காட்டுவதால். ‘ஈ’ சொல்லும்போது ஒரு வடிவு, ‘ஆ’ சொல்லும்போது வேறு வடிவு. வடிவுக்கேற்ப மிகுவிக்கப்படும் அதிர்வெண்கள் மாறும். சாதாரணப் பேச்சில் பெண்குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளாக 400, 600, 800 என்று நெருக்கமாக அடுக்கடுக்காய்ப் பிற அதிர்வுகள் எழும். அந்த நெருக்கம் இருந்தால்தான் வாயறையின் வடிவு காதுக்குப் புலப்படும். நெருக்கமான புள்ளிகளால் வரைந்த கோலம்போல. குரல் 523 ஹெர்ட்ஸுக்கு உயர்ந்தால் அடுத்த புள்ளி 1046, அதற்கடுத்தது 1569. புள்ளிகள் விலகிவிட்டன, கோலம் எதுவென்று சொல்ல முடியாது. ‘ஈ’யும் ‘ஊ’வும் தம் வேற்றுமையை இழக்கின்றன. மேலை ஆபராப் பாடகியரின் சொற்கள் உச்சத்தில் விளங்காமல் போவது இதனால்தான். ஃப்ரேசர் உயரே செல்லும் இடங்களில் நிகழ்வதும் இதுவே.

மெய்யொலிகளின் நிலை இன்னும் மோசம். ‘ப’, ‘ட’, ‘க’ போன்ற வெடிப்பொலிகளைக் காட்டிக்கொடுப்பது ஒரு நொடியின் நூற்றிலொரு பங்கு அளவேயான வெடிப்பும் அதற்கு முந்தைய சிறு மௌனமும். கத்ரியின் கித்தார் எதிரொலியும் நீட்டிப்பும் கலந்து அந்த மௌனங்களை நிரப்பிவிடுகிறது. ஃப்ரேசரின் குரல்மீது அவருடைய குரலே இரண்டு மூன்று அடுக்காகப் பதிவாகியிருக்கும். ஓர் அடுக்கின் உயிர் இன்னோர் அடுக்கின் மெய்யை விழுங்கும். ஆக, தெளிவான ஆங்கிலத்தையே பாடினாலும் இந்த ஒலியமைப்பில் பாதி கரைந்துவிடும். பொருளுள்ள சொல், பொருளற்ற சொல், கரைந்துபோன சொல் மூன்றும் கலந்த ஒன்றை நாம் கேட்கிறோம். எந்த அசை எந்த வகை என்று காதைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பாடல்வரித் தளங்கள் சொல்கின்றன.

எங்கள் விடுதியில் ஒரு மாலை ‘லோரலை’ பாட்டின் நடுவில் பதினைந்து நொடிகளை மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டு, கேட்டதை எழுதச் சொன்னேன். வங்காள நண்பர் வங்காளச் சொற்கள் நான்கைப் பிடித்தார். மலையாளத் தோழி ஒரு தாலாட்டின் ஒலியைக் கேட்டதாகச் சத்தியம் செய்தார். எனக்கு ‘வா வா’ கேட்டது, இன்றும் கேட்கிறது. இது ஆய்வன்று, விளையாட்டு. ஆனாலும் அவரவர் எழுதிய தாளில் இருந்தது அவரவர் மொழிதான், ஃப்ரேசர் அன்று.

‘வெறும் ஒலி’ என்போருக்கும் ஒரு சொல். பெந்தெகொஸ்தே சபைகளில் அந்நிய பாஷை பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அதை ஆராய்ந்த வில்லியம் சமாரின் என்ற மொழியியலர் 1972இல் வெளியிட்ட நூலில், அவ்வொலிகள் பேசுவோரின் மொழிக்கிடங்கிலிருந்தே எடுக்கப்படுகின்றன என்றும் அந்தந்தக் கணத்தில் அசைகளைக் கோத்து உருவாகின்றன என்றும் காட்டினார். ஃப்ரேசரை இத்துடன் ஒப்பிடுவது பலருக்கும் வழக்கம். ஒப்புமை பாதி தூரம்தான் வரும். கிடங்கு என்பது சரி: அவர் பாடும் அசைகள் ஆங்கிலத்தின் மெய்ம்மயக்க விதிகளைப் பெரும்பாலும் மீறுவதில்லை, எந்த மெய்யின் பக்கத்தில் எந்த மெய் நிற்கலாம் என்ற ஒழுங்கு அவரிடம் அப்படியே இருக்கிறது. கணத்தில் உருவாவது என்பதுதான் பொருந்தாது. பல்லவி மூன்று முறை வந்தால் மூன்று முறையும் அதே அசைகள், அதே அழுத்தம், அதே இடத்தில் மூச்சு. அவை இயற்றப்பட்டவை. சொன்னதையே சொல்ல வல்லவர் எவரும் உளறுவதில்லை.

இந்த ஆல்பங்களில் எனக்கு மிக நெருக்கமானது 1986இன் ‘விக்டோரியாலேண்ட்’. ரேமண்ட் அப்போது வேறு பதிவில் இருந்தார். மீண்டும் கத்ரியும் ஃப்ரேசரும் மட்டும். டிரம் மெஷின் ஏறக்குறைய ஓய்வெடுக்கிறது, பேஸ் கித்தார் இல்லை. பெயர் அண்டார்டிகாவின் ஒரு நிலப்பகுதிக்கு உரியது. பாடல்களின் தலைப்புகளில் பனி, திமிங்கில வால், துடுப்புபோன்ற பாதம், மெலிந்த காற்று. ஒரு பாட்டின் பெயர் ‘ஊமிங்மாக்’. இனுவிட் மக்கள் கஸ்தூரி எருதுக்கு இட்ட பெயர், தாடியுடையது என்று பொருள். அந்த விலங்கு வாழ்வது வடதுருவத்தில்! தென்துருவ ஆல்பத்துக்குள் வடதுருவ எருது எப்படி வந்தது என்று கேட்டால், அழகாக ஒலித்ததால் வந்தது என்பதே என் ஊகம். இந்தியக் காது ஓரிடத்தில் நிமிரும். டிஃப் ஜஸ் குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் தாமஸ் இதில் சாக்ஸபோனுடன் தபலாவும் வாசித்திருக்கிறார். கீழைநாட்டு மணம் கூட்டுவதற்காகத் தெளித்ததுபோல் அது ஒலிக்கவில்லை. நீருக்கடியில் யாரோ நடப்பதுபோல் அடியில் கிடக்கிறது. தாளம் விலகி, கித்தார் இளைத்த இந்த ஆல்பத்தில் ஃப்ரேசரின் குரலுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. எதிரொலியைக் காரணம் காட்டவும் வழியில்லை. அப்போதும் அவர் தம் சொற்களைத் தரவில்லை. அது அவருடைய முடிவு என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் அறியேன்.

தமிழர் ஒருவர் இப்படி வாதிடும்போது ஒரு மறுப்பு எழுவது இயல்பு, எனக்குள்ளேயே எழுந்தது. பாட்டின் பொருள் கேட்பவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகப் போராடிய மரபு நம்முடையது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதே அதன் பொருட்டு. தமிழ் மேடையில் தெலுங்குக் கீர்த்தனைகளே நிறைந்திருக்க, தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சியின் கடைசியில் துக்கடாவாக ஒதுக்கப்பட்ட காலம் அது. ‘இசைக்கு மொழியில்லை, ராகம் போதும்’ என்று அன்று சொன்னவர்களின் வாதத்தைத்தானே நானும் சொல்கிறேன்?

இல்லை. அங்கே மேடையில் ஒரு மொழி இருந்தது, இன்னொரு மொழி வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. மொழியறிந்த சிலருக்குப் பொருள் கிட்டியது, பலருக்குக் கிட்டவில்லை. பிணக்கு அந்த ஏற்றத்தாழ்வைப் பற்றியது. ஃப்ரேசரின் பாட்டில் உள்ளே, வெளியே என்ற பிரிவே இல்லை. லண்டனில் பிறந்தவருக்கும் அவர் விளங்குவதில்லை, திருநெல்வேலியில் பிறந்தவருக்கும் விளங்குவதில்லை. ஆங்கில ராக் இசையைக் கேட்கும் எனக்கு, மற்றக் குழுக்கள் எல்லாவற்றிலும் தாய்மொழியாளரைவிட ஒரு படி கீழே நிற்கும் உணர்வு உண்டு. வசைச்சொல் எது, வட்டாரக் கேலி எது என்று அகராதியைப் புரட்ட வேண்டும். இங்கே அந்தப் படி இல்லை. என் மொழி பேசப்படாத ஊரில் ஆண்டுக்கணக்கில் இருந்து ஆய்வு செய்பவருக்கு, அந்தச் சமநிலை சிறிய பொருள் அன்று. பேருந்திலும் உணவகத்திலும் பிறர் பேச்சைப் பொருள் இன்றி, ஏற்ற இறக்கமாக மட்டும் கேட்டுப் பழகிய காது என்னுடையது.

1988இன் ‘ப்ளூ பெல் நோல்’ பளபளப்பானது. ‘கேரலைன்ஸ் ஃபிங்கர்ஸ்’ ஒன்றுக்காகவே கேட்கத் தக்கது. மற்றதில் நான் அதிகம் தங்குவதில்லை.

1990இல் ‘ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்’. பிரிட்டன் பட்டியலில் 7ஆம் இடம் வரை சென்றது. செயலிகள் இன்று முதலில் நீட்டுவது. நல்ல ஆல்பம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முந்தைய ஆல்பங்களைக் கேட்காமல் இதைக் கேட்பவருக்கு இதில் நிகழும் பெரிய நிகழ்ச்சி தெரியாமலே போகும்: சொற்கள் திரும்பி வருகின்றன. இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆங்கிலச் சொற்கள் நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டுகின்றன. 1989இல் ஃப்ரேசருக்கும் கத்ரிக்கும் மகள் பிறந்தாள். ஆல்பம் உருவான காலத்தில் ரேமண்டின் தந்தை, டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் பாடல்களுக்கு இசைக்கோவை அமைத்த ஐவர் ரேமண்ட், காலமானார். கத்ரி கோகேன் பழக்கத்தில் மூழ்கியிருந்தார். ஒரு பிறப்பும் ஓர் இறப்பும் ஒரு சிதைவும் ஒரே அறையில். முதன்முதலாக, அவர் இன்னாரைப் பற்றிப் பாடுகிறார் என்று நம்மால் சுட்ட முடிகிறது.

இதற்கடுத்து வந்ததைப் பற்றித்தான் எனக்கு ரசிகர்களோடு பெரிய வழக்கு. ஃபோர் ஏடியை விட்டு வெளியேறி, ஃபான்டானா நிறுவனத்துக்காக 1993இல் அவர்கள் செய்த ‘ஃபோர் கேலண்டர் கஃபே’. தலைப்பு, வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் எழுதிய அமெரிக்கப் பயணநூலிலிருந்து. சுவரில் எத்தனை நாட்காட்டிகள் தொங்குகின்றனவோ அவ்வளவு நல்ல உணவகம் என்று அதில் ஒரு கணக்கு. ஃப்ரேசருக்கும் கத்ரிக்கும் இடையிலான உறவு முடிவுக்கு வந்த காலம். சொற்கள் இப்போது முழுதாக விளங்குகின்றன. ‘ப்ளூபியர்ட்’ பாட்டில், மனைவியரைக் கொன்று பூட்டிய அறையில் வைத்த கதைக் கணவனின் பெயரைத் தலைப்பாக்கி, எதிரில் நிற்பவனை நம்பலாமா என்று ஒரு பெண் கேட்கிறாள். அவளுக்குப் பின்னால் கித்தார் வாசிப்பவர் யார் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

இந்த ஆல்பத்தின்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என்ன தெரியுமா? மாயம் போய்விட்டது, சொற்கள் சாதாரணமாக இருக்கின்றன. பத்தாண்டு காலம் ‘என்ன பாடுகிறாய், சொல்’ என்று நச்சரித்தவர்கள், அவர் சொன்னதும் முகம் சுளித்தார்கள். இன்றும் ‘எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்’ என்ற பட்டியல்களில் இந்த ஆல்பம் ஒதுக்கப்படுகிறது. தன் வாழ்வைத் தானே எளிய ஆங்கிலத்தில் ஒரு பெண் சொல்லும்போது கேட்க ஆளில்லை. அவள் சொல்லாத காலத்துப் பாட்டுக்கு நாமே வரி எழுதி வைத்துக்கொண்டு வியக்கிறோம். வரிகளைத் தேடும் ஆவல் அவருடைய சொல்லைக் கேட்பதற்கான ஆவல் அன்று என்று நான் முடிவுகட்டியது இங்கேதான்.

அதே ‘ப்ளூபியர்ட்’ மெட்டுக்கு 1994இல் ஹாங்காங்கில் வேறொரு வாழ்க்கை கிடைத்தது. ஃபே வாங் என்ற பாடகி அதைக் கான்டனீஸ் மொழியில், வேறு வரிகளோடு பாடினார். அவர் நடித்த வோங் கார்-வாய் படமான ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ பார்த்தவர்கள் அந்த மெட்டை அறியாமலே கேட்டிருப்பார்கள். சொல்லின் சுரம் மாறினால் பொருளே மாறும் மொழி அது. மெட்டின் ஏற்ற இறக்கத்துக்குப் பொருந்தும் சொல்லைத் தேடித்தான் அதில் பாட்டெழுத முடியும். ஒலிக்காகச் சொல்லைத் தேர்வது அங்கே அன்றாடத் தொழில்நுட்பம். ஃப்ரேசரை விசித்திரப் பிறவியாகப் பார்ப்பவர்கள் ஒரு கான்டனீஸ் பாடலாசிரியரிடம் பேசிப் பார்க்கலாம். ‘தத்தகாரம்’ கையில் வைத்துக்கொண்டு சொல் தேடும் நம் திரைப்பாடலாசிரியர்களிடமும் பேசலாம்.

1996இன் ‘மில்க் அண்ட் கிஸ்ஸஸ்’ கடைசி ஆல்பம். அடுத்ததைப் பதிவுசெய்துகொண்டிருக்கும்போதே 1997இல் குழு கலைந்தது. 2005இல் கோச்செல்லா விழாவில் மீண்டும் ஒன்றுகூடுவதாக அறிவிப்பு வந்தது. ஃப்ரேசர் விலகிக்கொண்டார், அது நடக்கவில்லை. இடையில் அவர் மாஸிவ் அட்டாக் குழுவுக்காக ‘டியர்ட்ராப்’ பாடினார், 1998இல் வெளிவந்தது. காக்டோ ட்வின்ஸ் பெயரைக் கேள்விப்படாதவர்களும் அந்தக் குரலை அறிவார்கள். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதற்படத்தில் காண்டால்ஃபுக்கான ஒப்பாரியும் அவர் பாடியதே. டோல்கீன் என்னும் மொழியறிஞர் இலக்கணத்தோடும் சொல்வரலாற்றோடும் உருவாக்கிய எல்ஃப் மொழிகளில் அமைந்த பாட்டு. அதைக் கேட்கும் மொழியியல் மாணவர் எவரும் சிரிக்காமல் இருக்க முடியாது. புனைமொழிக்கு அகராதி உண்டு, உரை உண்டு. அவருடைய சொந்தப் பாட்டுக்கு அவை இல்லை.

இணையத்தில் இப்பாடல்களுக்கு வரி எழுதுபவர்களிடம் என் கோரிக்கை சிறியது. தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள். சங்கப் பாடல்களைப் பதிப்பித்தவர்கள் ஏடு சிதைந்த இடங்களில் புள்ளியிட்டுத்தான் அச்சிட்டார்கள். புறநானூற்றைப் புரட்டினால் கண்ணில் படும். அவர்களால் ஊகிக்க முடியாமலா புள்ளி வைத்தார்கள்? தானியங்கி எழுத்துப்பெயர்ப்பு மென்பொருள்கள் வந்தபின் இது இன்னும் அவசரமாகிறது. அவற்றுக்குப் புள்ளி வைக்கத் தெரியாது. எந்த ஒலியைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு சொல்லைத் திருப்பித் தரும்.

கேட்க விரும்புவோர்க்கு: ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு ‘ட்ரெஷர்’, 1985இன் குறுந்தட்டுகள், ‘விக்டோரியாலேண்ட்’ என்று வாருங்கள். ‘ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்’ முடிந்த கையோடு ‘ஃபோர் கேலண்டர் கஃபே’யைக் கேளுங்கள், இடையில் வேறெதுவும் வேண்டாம். காதில் நல்ல ஹெட்ஃபோன் இருக்கட்டும், திரை அணைந்திருக்கட்டும். ‘கார்லண்ட்ஸ்’ கடைசியில் போதும். அதற்குள் அந்தப் பதினெட்டு வயதுக் குரலின் தெளிவு உங்களைத் திடுக்கிட வைக்கும்.